பகதூர், கான், உலான் பத்தூர்: மங்கோலியச் சொற்களின் வரிவடிவங்களும் தமிழ் எழுத்துப்பெயர்ப்பும்
(ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டார வழக்குகளை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சொல் ஒரு வரிவடிவத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும்போது அதன் ஒலிக்கூறுகளுள் சில மறைகின்றன. சில புதிதாகச் சேர்கின்றன. எனவே ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டல் அதன் தோற்றத்திற்கோ அது வந்த வழிக்கோ நேரடிச் சான்றாகாது. இக்கருத்தை மங்கோலிய மொழியின் எழுத்து வரலாற்றையும், தமிழில் வழங்கும் பகதூர், கான், உருது, தலாய் ஆகிய சொற்களையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், கான்சாபுரம், வத்திராயிருப்பு ஆகிய ஊர்ப்பெயர்கள் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இறுதியில், பிறமொழிச் சொற்களை ஆய்வேடுகளில் கையாள்வதற்கான சில நெறிகள் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மங்கோலியம், எழுத்துப்பெயர்ப்பு, ஒலிபெயர்ப்பு, கிரந்தம், ஊர்ப்பெயராய்வு, கடன்சொல்.

முன்னுரை

தமிழில் மங்கோலியச் சொற்கள் உளவா என்னும் வினா முதற்பார்வையில் விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் 'லால் பகதூர்', 'ராவ் பகதூர்', 'கான் பகதூர்', 'முகலாயர்', 'உருது', 'தலாய் லாமா' ஆகியவற்றை நாம் அன்றாடம் எழுதுகிறோம். இவற்றுள் சில துருக்கிய மொழிகளுக்கும் மங்கோலியத்திற்கும் பொதுவானவை. பாரசீகம், உருது வழியாகத் தென்னாடு வந்தவை. சில அண்மைக்காலத்தில் ஆங்கிலம் வழியாக வந்தவை. இவை தமிழ் எழுத்தில் பெற்ற வடிவங்கள் ஒரு பொது நெறிக்கு உட்பட்டவை அல்ல. ஒவ்வொரு சொல்லும் தான் கடந்துவந்த வரிவடிவங்களின் சுவட்டைத் தாங்கி நிற்கிறது.

அச்சுவட்டைப் படிக்கத் தெரியாதபோது இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒன்று, எழுத்தொற்றுமையைக் கண்டு இல்லாத உறவைக் கற்பித்தல். மற்றொன்று, எழுத்து வேற்றுமையைக் கண்டு உள்ள உறவைக் காணாது விடுதல். சொற்பிறப்பாய்விலும் ஊர்ப்பெயராய்விலும் இவ்விரண்டும் தொடர்ந்து நிகழ்வதால் இச்சிக்கலை விரிவாக நோக்குதல் தேவையாகிறது.

இக்கட்டுரையில் மங்கோலியச் சொற்கள் தமிழ் எழுத்தாலேயே தரப்படுகின்றன. தமிழ் எழுத்து காட்டாத ஒலிவேறுபாடுகள் அவ்வவ்விடத்தில் சொற்களால் விளக்கப்படும்.

1. மங்கோலியம் எழுதப்பட்ட வரிவடிவங்கள்

எண்ணூறு ஆண்டுகளுக்குள் மங்கோலியத்தைப் போலப் பல வரிவடிவங்களில் எழுதப்பட்ட மொழிகள் குறைவு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உய்கூர் எழுத்திலிருந்து பெறப்பட்ட வரிவடிவம் மங்கோலியத்திற்குப் பயன்படத் தொடங்கியது. மேலிருந்து கீழாக எழுதப்படும் இதுவே மரபெழுத்து எனப்படுகிறது. 1269இல் குப்ளாய் கானின் ஆணைப்படி, திபெத்திய எழுத்தை அடிப்படையாகக் கொண்ட பக்ஸ்-பா எழுத்து அறிமுகமாயிற்று. திபெத்திய எழுத்து பிராமி மரபினது. ஆகவே தமிழ், கிரந்தம், தெலுங்கு எழுத்துகளின் தொலைவுக் கிளையொன்றில் மங்கோலியமும் சிறிதுகாலம் எழுதப்பட்டது எனலாம்.

1587இல் ஆயுஷ் கூஷ் என்னும் அறிஞர், சமற்கிருத, திபெத்தியச் சொற்களைப் பிழையின்றி எழுதுவதற்காக மரபெழுத்தில் சிறப்பெழுத்துகளைச் சேர்த்தார். உயிர்வரிசை, மெய்வரிசை ஆகியவற்றைக் குறிக்கும் 'ஆலி', 'காலி' என்னும் வடசொற்களால் இவை 'அலிகலி' எனப் பெயர் பெற்றன. தமிழில் ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகள் ஆற்றும் பணியையே இவை மங்கோலியத்தில் ஆற்றின. 1648இல் சயா பண்டிதர் ஓரெழுத்துப் பல ஒலிச் சிக்கலைக் களைய 'தெளிவெழுத்து' என்பதை உருவாக்கினார். 1686இல் சனபசர் என்னும் பௌத்தத் தலைவர் 'சொயொம்போ' எழுத்தை அமைத்தார்.

இவ்விரு பெயர்களும் தமிழாய்வாளர் கவனத்திற்குரியவை. சனபசர் என்பது 'ஞானவஜ்ர' என்னும் வடசொல்லின் மங்கோலிய வடிவம். சொயொம்போ என்பது 'ஸ்வயம்பூ' என்பதன் மங்கோலிய வடிவம். அதே வடசொல் தமிழில் 'சுயம்பு' ஆயிற்று. சொல்லின் முதலில் மெய்ம்மயக்கத்தை ஏலாத இரு மொழிகள், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே வகையில் அதனை உடைத்துக்கொண்டன.

20ஆம் நூற்றாண்டில் சிறிதுகாலம் உரோமன் எழுத்து முயலப்பட்டது. பின்னர் 1941இல் சிரில் எழுத்தை ஏற்க மங்கோலிய மக்கள் குடியரசு முடிவு செய்தது. 1946 முதல் அது பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. சீனாவின் உள்மங்கோலியாவில் மரபெழுத்தே தொடர்ந்தது. மங்கோலியாவில் 2015இல் இயற்றப்பட்ட மொழிச்சட்டத்தின்படி, அரசு ஆவணங்களில் 2025 முதல் இரு எழுத்துகளும் இணைந்து வழங்க வேண்டும். ஆக, ஒரே மொழியைப் பேசுவோர் எல்லையின் இருபுறமும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் ஒரே சொல்லை எழுதிவருகின்றனர்.

2. ஓர் எழுத்து, பல ஒலி

தமிழில் ககரம் முதலிய வல்லெழுத்துகள் ஒவ்வொன்றும் இடத்திற்கேற்ப வேறுபட்டு ஒலிக்கின்றன. 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்னும் மூன்றிலும் உள்ள ககரங்கள் ஒலியால் வேறு, எழுத்தால் ஒன்று. இதனைத் தமிழ் எழுத்தின் குறையெனக் கூறுவோர் உளர். மங்கோலிய மரபெழுத்திலும் இதனை ஒத்த நிலை உண்டு. அதில் தகரத்தின் ஒலிப்பிலா வடிவும் ஒலிப்புடை வடிவும் பெரும்பாலும் ஒரே உருவில் எழுதப்படுகின்றன. ஒகரமும் உகரமும் ஒரே உருவின. இதனால் அரண்மனை அல்லது பாசறையைக் குறிக்கும் 'ஒர்து' என்ற சொல்லும், நீளத்தைக் குறிக்கும் 'உர்து' என்ற சொல்லும் எழுத்தில் வேறுபடுவதில்லை. முன்னதில் தகரம் ஒலிப்புடையது, பின்னதில் ஒலிப்பற்றது. தமிழ் எழுத்து அவற்றின் உயிரை வேறுபடுத்துகிறது, மெய்யை வேறுபடுத்துவதில்லை. மரபெழுத்து இரண்டையும் வேறுபடுத்துவதில்லை.

இவ்விரு மொழிகளுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடும் உண்டு. தமிழில் வல்லெழுத்தின் ஒலி அது நிற்கும் இடத்தால் தீர்மானமாகிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் அது வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்தும் உயிரிடையிலும் மென்மையாகவும் ஒலிக்கும். ஆகவே தமிழ்ச்சொற்களைப் பொறுத்தவரை எழுத்துச் சுருக்கத்தால் இழப்பில்லை. அயற்சொற்களை எழுதும்போதே சிக்கல் தொடங்குகிறது. மங்கோலியத்திலோ தாய்மொழிச் சொற்களையே முன்னறிந்தாலன்றிச் சரியாகப் படிக்க இயலாது.

மேற்கூறிய 'ஒர்து' என்ற சொல்லே பாரசீகத்தில் 'உர்தூ' எனப் பாசறையைக் குறித்து, பின்னர் ஒரு மொழியின் பெயராகித் தமிழில் 'உருது' என நிலைபெற்றது. மொழிப்பெயராக அதனை எழுதுவோர் அதன் மூலம் ஒரு படைவீடு என்பதை நினைப்பதில்லை. அதனை அறிவிக்கும் குறி எதுவும் எழுத்தில் இல்லை.

ஒரு வரிவடிவம் மறைப்பதை மற்றொன்று காட்டிக் கொடுப்பதும் உண்டு. 'மங்கோலியரின் மறைவரலாறு' எனப்படும் 13ஆம் நூற்றாண்டு நூல், சீன எழுத்துகளை ஒலிக்குறிகளாகக் கொண்டு எழுதப்பட்ட படியாகவே முழுமையாகக் கிடைக்கிறது. பத்து என்னும் எண்ணுப்பெயர் மரபெழுத்தில் 'அர்பன்' எனவே உள்ளது. சீன எழுத்துப் படியிலும் பக்ஸ்-பா ஆவணங்களிலும் அது 'ஹர்பன்' எனத் தொடங்குகிறது. மரபெழுத்தில் மட்டும் அச்சொல்லைக் காண்போர் மொழிமுதல் ஹகரம் அக்காலத்தில் ஒலித்ததையே அறியமாட்டார்.

இவ்வகைச் சான்றுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஓர் அருகமை எடுத்துக்காட்டைத் தருகிறது. பெரியாழ்வார், ஆண்டாள் ஆகியோரின் பாசுரங்கள் தெலுங்கு எழுத்திலும் அச்சாகி வழங்குகின்றன. தெலுங்கு எழுத்தில் க, ச, ட, த, ப ஆகியவற்றின் ஒலிப்புடை வடிவங்களுக்குத் தனியெழுத்துகள் உள்ளமையால், பதிப்பிப்போர் ஒவ்வோரிடத்திலும் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவராகிறார். அத்தெரிவு, பாசுரம் ஓதப்பட்ட முறைக்குச் சான்றாகிறது. அதே வேளையில் ழகரத்திற்கு வழக்கிலுள்ள தெலுங்கு நெடுங்கணக்கில் இடமில்லாமையால் அங்கு ஒரு வேறுபாடு மங்குகிறது. இதன் மறுதலை நிலை இராஜபாளையத்தில் உண்டு. தெலுங்கை வீட்டுமொழியாகவும் தமிழைக் கல்விமொழியாகவும் கொண்டோர், தம் வீட்டுமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறிக்கும்போது தெலுங்கின் ஒலிப்பு வேறுபாடுகள் தாளில் மறைகின்றன. பேசுவோர் நாவில் அவை மறைவதில்லை. எழுத்தை மட்டும் கொண்டு அம்மொழியை விளக்கப் புகும் ஆய்வாளர், அதில் ஒலிப்பு வேறுபாடே இல்லை என முடிவு கட்டிவிடக்கூடும்.

3. 'பகதூர்' காட்டும் வழி

வீரன் எனப் பொருள்படும் மங்கோலியச் சொல் மரபெழுத்தில் 'பகதுர்' என அமைகிறது. இதன் பகரம் ஒலிப்புடையது, ககரம் தொண்டையில் உரசி ஒலிக்கும் மென்மையான ஒலி, தகரம் ஒலிப்பற்றது. துருக்கிய மொழிகளிலும் இச்சொல் உண்டு. இது இருவழியாகப் பிரிந்து சென்றது.

முதல் வழி, மங்கோலியத்தின் உள்வளர்ச்சி. உயிரிடையே நின்ற உரசொலி காலப்போக்கில் தேய்ந்து, இருபுறத்துக் குற்றுயிர்களும் ஒரு நெட்டுயிராக இணைந்தன. 'பகதுர்' என எழுதியதை 'பாதர்' என ஒலித்தனர். 'உலகன்' (சிவந்த) என்பது 'உலான்' ஆயிற்று. 'ககன்' (பேரரசன்) என்பது 'கான்' ஆயிற்று. மரபெழுத்து பழைய வடிவையே காத்தது. சிரில் எழுத்து புதிய ஒலியை எழுதியது. இம்மாற்றம் தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. 'பெருமகன்' என்பது 'பெருமான்' ஆனதும், 'அகத்தில்' என்பது அந்தணர் பேச்சில் 'ஆத்தில்' ஆனதும் இதே நிகழ்வே. உயிரிடைக் ககரம் நலிந்து நீங்க, முன்னும் பின்னும் நின்ற உயிர்கள் ஒன்றி நீளுகின்றன.

1924இல் மங்கோலியத் தலைநகருக்குச் 'சிவந்த வீரன்' என்னும் பொருளில் பெயர் சூட்டப்பட்டது. மரபெழுத்தில் அது 'உலகன் பகதுர்'. இன்றைய ஒலிப்பில் 'உலான்பாதர்'. உருசிய மொழி அதனை 'உலான் பாதோர்' என்றது. ஆங்கிலம் நெடுங்காலம் உருசிய வடிவையே பின்பற்றியது. தமிழில் 'உலான் பத்தூர்', 'உலான்பாதர்', 'உலான் பாட்டர்' எனப் பலவாறு எழுதப்படுகிறது. 'பத்தூர்' என்பதைக் காணும் தமிழ் வாசகர்க்கு அதன் ஈறு 'ஊர்' என்னும் சொல்லாகவே தோன்றும். 'வில்லிபுத்தூர்' என்பதில் உள்ள ஊர் உண்மையான ஊர். 'பத்தூர்' என்பதில் உள்ளது எழுத்துப்பெயர்ப்பு உண்டாக்கிய தோற்றம் மட்டுமே.

இரண்டாம் வழி, பாரசீகம். அங்கு உரசொலி ஹகரமாக மாறி, 'பஹாதுர்' என்னும் வடிவம் பிறந்தது. முகலாயர் காலப் பட்டங்களிலும், பின்னர் ஆங்கிலேயர் வழங்கிய ராவ் பகதூர், திவான் பகதூர், கான் பகதூர் பட்டங்களிலும் இதுவே இடம்பெற்றது. தமிழில் ஹகரம் ககரமாயிற்று. 'பகதூர்' என்பதில் ஆகாரம் குறுகி உகரம் நீண்டிருப்பதும் நோக்கத்தக்கது. தெலுங்கிலும் ஊகார நெடிலுடைய வடிவம் வழங்குவதை இதனுடன் ஒப்பிடலாம்.

இப்போது ஒரு விந்தை புலப்படும். இன்றைய மங்கோலியர் 'பாதர்' என்கின்றனர். அதற்கு மிகத் தொலைவிலுள்ள தமிழில் நாம் 'பகதூர்' என்கிறோம். எண்ணூறு ஆண்டுகட்கு முந்தைய மரபெழுத்து வடிவமாகிய 'பகதுர்' என்பதற்கு, மங்கோலியர் பேச்சைவிட நம் எழுத்தே நெருக்கமாக உள்ளது. உயிரிடைக் ககரத்தைத் தமிழர் மென்மையாக உரசி ஒலிப்பதால் ஒலியும் ஏறத்தாழப் பொருந்துகிறது. ஆயின் இது பழமையைக் காத்ததன் விளைவா? அன்று. உரசொலி பாரசீகத்தில் ஹகரமாகி முற்றும் மறைந்தது. தமிழில் ஹகரத்திற்குரிய எழுத்து இல்லாமையால் ககரம் மீண்டும் வந்தது. இழந்த எழுத்து தற்செயலாகத் திரும்பியதே இவ்வொற்றுமை. இடைப்பட்ட பாரசீக வடிவம் நமக்குக் கிடைக்காதிருந்தால், தமிழ் மங்கோலியத்திலிருந்து நேரே கடன்பெற்றது என்றோ, இரண்டிற்கும் பொதுமூலம் உண்டு என்றோ ஒருவர் உறுதியாக வாதிட முடியும். அவ்வாதம் எழுத்துக்கெழுத்து பொருந்தியிருக்கும், உண்மைக்குப் பொருந்தாது.

4. 'கான்' என்னும் சொல்லும் கான்சாபுரமும்

மங்கோலியத்தில் 'கன்', 'ககன்' என இரு சொற்கள் உண்டு. முன்னது அரசனையும் பின்னது பேரரசனையும் குறிக்கும். பின்னதே ஒலித்தேய்வால் 'கான்' என நீண்டது. பாரசீகத்திலோ முன்னதே நெடிலுடன் 'கான்' என வழங்கியது. ஆகவே தமிழில் நாம் எழுதும் 'கான்' என்ற ஒரே வடிவத்தில் இரு வேறு வரலாறுகள் கலந்துள்ளன. இந்தியப் பெயர்களில் உள்ள 'கான்' பாரசீக வழியது. மங்கோலியப் பேரரசர் பெயரை இன்றைய மங்கோலிய ஒலிப்பின்படி எழுதினால் வரும் 'கான்' வேறொரு வழியது.

இதனோடு மூன்றாவதாக ஒரு 'கான்' தமிழில் தொன்றுதொட்டு உண்டு. அது காட்டைக் குறிக்கும். கானகம், கானாறு முதலியன அதன் வழிவந்தவை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்புப் பகுதியில், கான்சாபுரம் என்னும் ஊர் உள்ளது. மலையும் காடும் சூழ்ந்த நிலப்பகுதியாதலின், எழுத்தை மட்டும் நோக்குவோர் 'கான்' என்பதற்குக் காடு எனப் பொருள்கொள்வது இயல்பு. நிலவமைப்பும் அதற்குத் துணைநிற்கும். எனினும் எஞ்சி நிற்கும் 'சா' என்னும் கூறு அவ்விளக்கத்திற்கு அடங்காது.

'கான்சா' என்பது 'கான் சாகிபு' என்பதன் சுருக்கம். மருதநாயகம் எனவும் அறியப்பட்ட யூசுப் கான், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். ஆங்கிலேயரையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். நா. வானமாமலை பதிப்பித்த நாட்டார் கதைப்பாடல் 'கான்சாகிபு சண்டை' என்னும் பெயருடையது. மதுரையில் கான்சா மேட்டுத் தெரு, கான்பாளையம் ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. இவற்றோடு சேர்த்து நோக்கும்போது கான்சாபுரம் அவர் பெயரால் அமைந்தது என்னும் கருத்தே பொருந்துவதாகிறது. பேரரசு ஒன்றின் அரசுப்பட்டம் பாரசீகம் வழியாக ஒரு தமிழ்ப் படைத்தலைவரின் பெயராகி, ஓர் ஊரின் பெயரில் தங்கியுள்ளது. எழுத்து அதனைக் காட்டவில்லை, வரலாறே காட்டுகிறது.

வத்திராயிருப்பு என்னும் பெயரும் இங்குக் கருதத்தக்கது. தமிழில் முழுவடிவம் எழுதப்படுகிறது. பேச்சில் அது 'வத்ராப்பு' எனச் சுருங்குகிறது. ஆங்கில ஆவணங்களில் உள்ள 'வாட்ராப்' என்னும் வடிவம் பேச்சுச் சுருக்கத்தையே தழுவியது. மங்கோலிய மரபெழுத்து முழுவடிவையும் சிரில் எழுத்து தேய்ந்த வடிவையும் காட்டுவதை இது நினைவூட்டும். பழைய ஆங்கிலப் பதிவேடுகளில் 'வத்திராயிருப்பு' எனத் தேடும் ஆய்வாளருக்கு எதுவும் கிடைக்காமற் போகலாம். ஊர் இல்லாமையால் அன்று, வரிவடிவம் வேறாகியமையால்.

5. சொன்முதல் ரகரமும் இனவுறவு வாதமும்

தமிழில் ரகரம் மொழிமுதலாகாது. ஆதலின் 'ராஜபாளையம்' என்பதை 'இராஜபாளையம்' எனவும், கிரந்தத்தையும் நீக்கி 'இராசபாளையம்' எனவும் எழுதுகிறோம். வடசொற்களை வடவெழுத்து நீக்கித் தமிழெழுத்தால் அமைத்துக்கொள்ளும் நெறியைத் தொல்காப்பியம் எச்சவியல் கூறுகிறது. மங்கோலியத்திலும் இயற்சொற்கள் ரகரத்தில் தொடங்குவதில்லை. 'உருசியா' என நாம் உகரம் சேர்ப்பது போலவே மங்கோலியர் அந்நாட்டை 'ஒரொஸ்' என்கின்றனர். 'ரத்ந' என்னும் வடசொல் தமிழில் 'இரத்தினம்' ஆனது போல, நடு ஆசிய மொழிகள் வழியாகச் சென்று மங்கோலியத்தில் 'எர்தெனி' ஆயிற்று. 'ரசாயந' என்பது தமிழில் 'இரசாயனம்'. மங்கோலியத்தில் 'அர்ஷான்' எனப் புனித ஊற்றுநீரைக் குறிக்கிறது.

இத்தகைய ஒற்றுமைகள் 19ஆம் நூற்றாண்டில் பெரிய முடிவுகளுக்கு இட்டுச் சென்றன. 1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிட மொழிகள் 'சித்திய' மொழிகளோடு உறவுடையன எனக் கருதினார். பின்னிய, துருக்கிய மொழிகளோடு மங்கோலியத்தையும் அவர் அத்தொகுதியில் அடக்கினார். ஒட்டுநிலை அமைப்பு, எழுவாய்-செயப்படுபொருள்-பயனிலை என்னும் தொடர்முறை முதலிய பொதுமைகள் உண்மையே. ஆயினும் ஒழுங்கான ஒலிநிகர்மைகளால் நிறுவப்படாமையால் அவ்வுறவை இன்றைய வரலாற்று மொழியியல் ஏற்பதில்லை. மொழிமுதல் ரகரம் வாராமை உலகின் வேறு பல மொழிகளிலும் உண்டு. அது அமைப்பொற்றுமை, பிறப்பொற்றுமை அன்று. இன்றும் தொலைதூர மொழிகளின் சொற்பட்டியல்களைத் தமிழோடு அடுக்கி உறவு கற்பிக்கும் முயற்சிகள் வெளிவரும் நிலையில், 'பகதூர்' எடுத்துக்காட்டு எச்சரிக்கையாக அமையும். தொடர்பு வழி முழுவதும் அறியப்பட்ட ஒரு சொல்லிலேயே தற்செயல் ஒற்றுமை இத்துணை நெருக்கமாக அமையுமாயின், வழியறியப்படாத சொற்களில் எச்சரிக்கை பன்மடங்கு தேவை.

6. எழுத்துப்பெயர்ப்பும் மொழிபெயர்ப்பும்

ஒரு பெயரின் வடிவம் மாறுவது எப்போதும் ஒலிமாற்றத்தால் அன்று. 1578இல் மங்கோலிய ஆட்சியாளர் அல்தான் கான், திபெத்தியத் துறவி சோனம் கியாட்சோவுக்குத் 'தலாய் லாமா' என்னும் பட்டத்தை வழங்கினார். கியாட்சோ என்பது திபெத்தியத்தில் கடல். 'தலாய்' என்பது மங்கோலியத்தில் கடல். இங்கு நிகழ்ந்தது எழுத்துப்பெயர்ப்பு அன்று, மொழிபெயர்ப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரில் இவ்விரண்டும் அருகருகே உள்ளன. 'ஸ்ரீ' என்பதை அப்படியே எழுதுவது எழுத்துப்பெயர்ப்பு. 'சீவில்லிபுத்தூர்' என்பது தமிழொலி மரபுக்கேற்ற தற்பவம். 'திருவில்லிபுத்தூர்' என்பது பொருள்நிகர்ச் சொல்லை இட்டு அமைத்த மொழிபெயர்ப்பு. மூன்றும் ஒரே ஊரைக் குறிப்பினும் மூன்றும் ஒரே வகையின அல்ல. 'ஸ்ரீ' என்பதிலிருந்து 'திரு' ஒலிமாற்றத்தால் பிறந்தது எனவோ, மறுதலையாகவோ விளக்க முனைவது, கியாட்சோவிலிருந்து தலாய் பிறந்தது எனக் கூறுவதை ஒக்கும்.

7. கணினியில் மறையும் வேறுபாடு

மங்கோலிய மரபெழுத்து 1999இல் ஒருங்குறியில் இடம்பெற்றது. அங்கு எழுத்துகள் உருவத்தால் அன்றி ஒலியால் பிரித்துக் குறியீடு பெற்றன. ஒலிப்பிலாத் தகரத்திற்கும் ஒலிப்புடைத் தகரத்திற்கும் வெவ்வேறு குறியீடுகள். திரையில் பல இடங்களில் ஒரே உருவம். தட்டச்சு செய்பவர் எதனை இட்டாலும் பார்வைக்குச் சரியாகவே தோன்றும். தேடும்போதுதான் ஒரு பாதி கிடைக்காமற் போகும்.

இது நமக்கு அயலான சிக்கல் அன்று. 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தை ஸகரத்தைக் கொண்டும் அமைக்கலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் அமைக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தோன்றும். ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் பெயர் இருவேறு குறியீட்டு வரிசைகளாக மின்தரவுகளில் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். ஒன்றைத் தேடுபவர்க்கு மற்றொன்று அகப்படாது. நூலகப் பட்டியல், கல்வெட்டுத் தரவகம், ஆய்வேட்டுத் தொகுப்பு ஆகியவற்றை உருவாக்குவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஆங்கில வடிவங்களிலும் நிலையாமை உண்டு. தமிழ்நாட்டரசு 2020இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அறிவிப்பை வெளியிட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அதனைத் திரும்பப் பெற்றது. ஒலிப்புக்கு ஏற்ப எழுதுதல் என்னும் கொள்கை எளிது. எவ்வொலிப்பு, எம்முறை என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே அரிது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

8. ஆய்வேடுகளுக்குச் சில நெறிகள்

மேற்கண்ட ஆராய்ச்சியின் அடிப்படையில் பின்வருவன முன்மொழியப்படுகின்றன.

முதலாவதாக, அயற்சொல் ஒன்றை விளக்கும்போது மூலமொழியை மட்டும் கூறாது, எவ்வெம்மொழி வழியாக, எவ்வெவ்வரிவடிவம் வழியாக வந்தது என்பதையும் குறித்தல் வேண்டும். 'பகதூர்: மங்கோலியம்' என்னும் குறிப்பு போதாது, பாரசீக வடிவத்தையும் தருதல் இன்றியமையாதது.

இரண்டாவதாக, மேற்கோளில் மூல ஆவணத்தின் எழுத்துக்கூட்டலை மாற்றலாகாது. கிரந்தம் நீக்கி எழுதுவது ஆய்வாளரின் சொந்த நடையில் அவர் உரிமை. ஆவணத்தில் 'ராஜபாளையம்' என்றிருப்பின் மேற்கோளிலும் அவ்வாறே இருத்தல் வேண்டும். அவ்வடிவமே அக்காலத்து எழுத்துவழக்கிற்குச் சான்று.

மூன்றாவதாக, பலவடிவப் பெயர்களுக்கு ஒன்றைத் தலைச்சொல்லாகக் கொண்டு, ஏனையவற்றை அடுத்து நிரல்படத் தருதல் வேண்டும். தேடுகருவிகளில் அனைத்து வடிவங்களும் இணைக்கப்பட வேண்டும்.

நான்காவதாக, தமிழ் எழுத்து காட்டாத ஒலியை முதன்முறை குறிப்பிடும் இடத்தில் சொற்களால் விளக்குதல் வேண்டும். 'தலாய்' என்பதன் முதல் தகரம் ஒலிப்புடையது என ஒரு தொடரில் கூறிவிட்டால், பின் எங்கும் ஐயம் எழாது.

ஐந்தாவதாக, ஊர்ப்பெயர்க் கூறு ஒன்றுக்குத் தமிழ்ச்சொல் பொருந்துவதாகத் தோன்றினும், எஞ்சிய கூறுகளும் அதனால் விளங்குகின்றனவா எனச் சோதித்த பின்னரே முடிவுகொள்ள வேண்டும். கான்சாபுரத்தின் 'சா' இதற்கு உரைகல்.

முடிவுரை

எழுத்து, சொல்லின் நிழற்படம் அன்று. ஒவ்வொரு வரிவடிவமும் தனக்கு வேண்டியதைக் காத்து வேண்டாததை விடுகிறது. மங்கோலிய மரபெழுத்து பழைய ககரத்தைக் காத்தது. ஒலிப்பு வேறுபாட்டை விட்டது. சிரில் எழுத்து இன்றைய ஒலியைக் காத்தது; வரலாற்றை விட்டது. தமிழ் எழுத்து தன் ஒலியமைப்பைக் காத்தது, அயலொலியை விட்டது. எந்த ஒன்றும் குறையுடையது எனக் கொள்ளத் தேவையில்லை. எதனை எது விட்டது என அறிந்து படிப்பதே ஆய்வாளர் கடன். தென்னாட்டுப் பாளையங்களின் ஊர்ப்பெயர்களில் பாரசீகம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகியவற்றின் சுவடுகள் செறிந்துள்ளன. அவற்றை ஆவணம், பேச்சு, பல்வரிவடிவச் சான்று ஆகிய மூன்றையும் ஒருங்குவைத்துத் தொகுக்கும் வட்டார ஊர்ப்பெயர் அகராதிகள் உருவாதல் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரம் அத்தகைய முயற்சியைத் தொடங்குதற்கு ஏற்ற களமாகும்.